வாஷ்பேசினில் போன ஊசி

2021 அக்டோபர் 4, திங்கள்

இன்று மிரெலா முடி நுனி வெட்டிக்கொள்ள வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்த உடனே ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எந்த ஊரிலோ ஒருத்தன் கொரோனா ஊசி போட்ட கையில் பல்பை வைக்கிறானாம், பல்பு எரிகிறதாம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டாள். நல்லது, கரண்ட் பில் மிச்சம் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, கண்ணாடியில் அவளைப் பார்த்துத் தலையாட்டினேன்.

பார்லர் வைத்த நாளிலிருந்து நான் ஆட்டாத தலையா? பாதிரியார் மனைவி வந்து கிருமி என்று ஒன்றே கிடையாது என்கிறாள், அதற்கும் ஆட்டுகிறேன். பின்னாலேயே டீச்சர் வந்து ஊசி போடாதவர்களை ஊரை விட்டே துரத்தவேண்டும் என்கிறாள், அதற்கும் ஆட்டுகிறேன். கத்தரிக்கோல் பிடிப்பவளுக்குக் கருத்து என்று ஒன்று இருந்தால் நாற்காலி காலியாகிவிடும். மே மாதம் நான் ஊசி போட்டுக்கொண்டதை வாய் தவறிச் சொன்னேன். பழைய வாடிக்கைக்காரிகள் சிலர் அத்தோடு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கடைக்குப் போய்விட்டார்கள்.

என் புருஷன் சோரின் சனிக்கிழமை இத்தாலி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். எல்லை தாண்ட ஊசி போட்ட கார்டு வேண்டும் என்பதால் ஜூனில் அவனும் போட்டுக்கொண்டான். குளிர்காலம் முழுக்க ஊசியைத் திட்டித் தீர்த்தவன், ஒரு நாள் கார்டோடு வந்து நின்றபோது என் நச்சரிப்பு ஜெயித்தது என்று எவ்வளவு பெருமைப்பட்டேன்.

அக்டோபர் 8

கோயிலில் சாவு மணி இன்றும் அடித்தது. யாருக்கு என்று கேட்பதைக்கூட ஜனங்கள் விட்டுவிட்டார்கள்.

அக்டோபர் 11

சோரின் இருமுகிறான். டீசல் புகை என்கிறான். டெஸ்ட் எடுக்கச் சொன்னால் எரிந்து விழுகிறான். சரி, என்னவாக இருந்தால்தான் என்ன, ஊசி போட்டவன்தானே, லேசாக வந்துவிட்டுப் போகும் என்று அவனிடமே சொன்னேன். டிவி சத்தத்தைக் கூட்டினான்.

அக்டோபர் 13, புதன்

காலையில் காய்ச்சல் ஏறிவிட்டது. மருந்துக்கடையில் டெஸ்ட் குச்சி வாங்கிவந்து, பிடிவாதமாக அவன் மூக்கில் விட்டேன். இரண்டு கோடு. எனக்கும் பார்த்தேன், ஒன்றுதான்.

அவனோ பிளம் சாராயத்தில் மிளகைப் போட்டுச் சூடு பண்ணிக் குடித்துவிட்டு, டிரைவர்கள் குரூப்பில் வரும் குரல் செய்திகளைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆக்ஸிஜனைத் திறந்துவிட்டு நுரையீரலைக் கருக்கிவிடுகிறார்களாம். போனவன் எவனும் நடந்து வருவதில்லையாம். பேசுகிறவன் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால் குரல் நன்றாக இருக்கிறது. அதுதான் ஆபத்து.

மத்தியானம் நாஷாவுக்கு ஃபோன் பண்ணினேன். ஃபெலிசியா நாஷா, எங்கள் கல்யாணத்தில் மெழுகுவர்த்தி பிடித்து நின்ற ஞானத்தாய். ஊர் டாக்டரிடம் நர்ஸ். எனக்கு ஊசி போட்டதும் அவள்தான், சோரினுக்கும் அவள்தான். காய்ச்சல் விவரம் சொன்னேன். வழக்கமாக அதட்டுவாள், கிண்டல் பண்ணுவாள், என்ன சூப் வைக்கலாம் என்பாள். இன்று எதுவும் இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ என்றாள்.

இப்போதே எதற்கு, அவன்தான் போட்டிருக்கிறானே என்றேன்.

"அவனையே கேளு, லிவி" என்றாள்.

அதே நாள், சாயங்காலம்

கேட்டேன்.

எழுத்து கோணுகிறது. போகட்டும்.

போடவில்லை. அவனுக்கு ஊசியே போடவில்லை. ஜூனில் நாஷாவிடம் போய் உட்கார்ந்து அழுதிருக்கிறான். கார்டு இல்லாவிட்டால் வேலை போய்விடும், ஊசி போட்டால் உயிர் போய்விடும், நீங்கள் எனக்கு அம்மா மாதிரி, என்னைக் குழியில் தள்ளாதீர்கள் என்று. ஊரில் பாதிப் பேர் எங்கெங்கோ இப்படிப் பண்ணிக்கொள்வதாகக் காற்றுவாக்கில் கேள்விப்பட்டிருக்கிறேன். அதற்கும் தலையாட்டியிருக்கிறேன். என் வீட்டிலேயே நடக்கும் என்று யார் கண்டது?

"நாஷா மருந்தை ஊசியில ஏத்துனாங்க. அப்புறம் வாஷ்பேசின்ல விட்டுட்டுக் குழாயத் திறந்தாங்க. ரெண்டு தடவையும் அப்படித்தான்." இதைச் சொல்லும்போது அவனால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உயிரைக் காப்பாற்றும் மருந்தை, பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்றுகிற மாதிரி ஊற்றியிருக்கிறார்கள். இவன் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறான். படுபாவி. நான் இங்கே ஊசி போட்டவன், ஊசி போட்டவன் என்று நிம்மதியாக உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கத்தினேன். தட்டு ஒன்று உடைந்தது. அவன் இருமிக்கொண்டே இருந்தான். கத்துவதற்குக்கூட ஆள் திடமாக இருக்கவேண்டும், அவன் அப்படி இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டானாம்.

அக்டோபர் 15, வெள்ளி

நேற்று முழுவதும் கெஞ்சல், மிரட்டல், அழுகை. எதற்கும் அசையவில்லை. கடைசியில் அவனை அசைத்தது நான் இல்லை.

காலையில் டிரைவர்கள் குரூப்புக்குக் குரல் செய்தி அனுப்ப உட்கார்ந்தான். 'தம்பிகளா, பயப்படாதீங்க, நான் வீட்டுலயே சமாளிக்கிறேன்' என்று ஏதோ வீராப்பு. அனுப்புவதற்கு முன்னால் தானே ஒரு தடவை போட்டுக் கேட்டான். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் இழுப்பு. அடுப்பங்கரையில் இருந்த எனக்கே கேட்டது. அவன் முகம் மாறிப்போனதைப் பார்த்தேன். அதை அழித்துவிட்டு, "வண்டிய எடு, லிவி" என்றான்.

மாவட்ட ஆஸ்பத்திரி முற்றத்தில் கூடாரம் போட்டிருக்கிறார்கள். வெளியே வரிசை, கார்களுக்குள்ளும் நோயாளிகள். கூடார வாசலில் டாக்டர் லுங்கு. என் வயசு இருக்கும். முகமூடி அழுத்திக் கன்னம் இரண்டும் சிவந்து தடித்திருந்தது. விரலில் கருவியை மாட்டிப் பார்த்தாள், முதுகில் வைத்துக் கேட்டாள், படம் எடுக்க அனுப்பினாள். படத்தைப் பார்த்துவிட்டு, ஊசி போட்டிருக்கிறீர்களா என்று கேட்டாள்.

சோரின் ஃபோனில் கார்டைத் திறந்து உயர்த்திக் காட்டினான். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

நல்லதாகப் போயிற்று என்றாள் அவள். இருப்பது ஒரு கட்டில், ஊசி போட்டவர்கள் இந்த நிலையிலிருந்து பெரும்பாலும் மாத்திரையிலேயே தேறிவிடுகிறார்கள், வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், மூச்சு திணறினால் வாருங்கள் என்று சீட்டு எழுத ஆரம்பித்தாள். சரிதானே என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

சோரின் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான்.

நான் தலையாட்டினேன். ஆட்டினேனே. இத்தனை வருஷப் பழக்கம், கழுத்து தானாக ஆடிவிட்டது. சீட்டை வாங்கிக்கொண்டு கார் வரைக்கும் வந்துவிட்டேன். அவனை உட்காரவைத்து பெல்ட்டும் மாட்டிவிட்டேன். சாவியைப் போடும்போதுதான் புத்தி வந்தது. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? இவனைச் சாகடிக்கவா வீட்டுக்கு ஓட்டிப்போகிறேன்?

கதவைச் சாத்திவிட்டு ஓடினேன். டாக்டர் கையைப் பிடித்துக் கூடாரத்துக்குப் பின்பக்கம் இழுத்துப் போனேன். "அவன் போட்டுக்கல டாக்டர். கார்டு மட்டும்தான் நிஜம். மருந்து வாஷ்பேசின்ல போயிடுச்சு."

திட்டுவாள், போலீசைக் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள். யார் செய்தது என்று கேட்கவே இல்லை. "உடம்புக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா எனக்குப் போதும். மத்ததுக்கெல்லாம் வேற ஆள் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, கட்டிலைச் சோரினுக்குப் போடச் சொன்னாள்.

உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோபம். இருக்கட்டும், கோபப்பட உயிர் இருக்கிறதே.

அக்டோபர் 17

உள்ளே விடமாட்டார்கள். வார்டு கீழ்த்தளத்தில் இருப்பதால் ஜன்னலுக்கு வெளியே நிற்கலாம். நிற்கிறேன். என்னைப் போல நிறையப் பேர் புல்லில் நின்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆக்ஸிஜன் முகமூடியோடு கை ஆட்டினான். கோபம் தணிந்திருக்கிறது.

அக்டோபர் 19, செவ்வாய்

பார்லரைத் திறந்தேன். வீட்டிலிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே படத்தைத்தான் காட்டினார்கள். சோரின் கூடாரத்து முன்னால் கார்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வரிசையில் நின்ற யாரோ எடுத்தது. மிரெலா அதை இணையத்தில் தன் பக்கத்தில் போட்டு மேலே எழுதியிருக்கிறாள்: 'எங்க ஊர் டிரைவர். ரெண்டு ஊசியும் போட்டவர். இப்ப ஆக்ஸிஜன்ல. இனியாவது யோசிங்க.'

தீ மாதிரிப் பரவியிருக்கிறது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் எல்லாம் கீழே எழுதுகிறார்கள். என் புருஷனுக்காகப் பிரார்த்திக்கிறார்களாம். ஊசி போட இருந்தவர்கள் வேண்டாம் என்று வைத்துவிட்டார்களாம். அவனோடு மாற்றி மாற்றி பஸ் ஓட்டும் நேலுவும் எழுதியிருக்கிறான்: 'நல்லவேளை, சோரினைப் பாத்து நான் தப்பிச்சேன்.' இதுவரை டெஸ்ட் காட்டி எல்லை தாண்டியவன், இந்த மாதம் போட்டுக்கொள்வதாக இருந்தான். நேலுவுக்குச் சர்க்கரை வியாதி. ஒரே வண்டி, ஒரே தூக்கப் பலகை. அவனுக்கு வந்தால் தாங்கமாட்டான்.

போடாத ஊசிக்கு இவன் சாட்சியாகிவிட்டான்.

பொய் என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தில் நாஷா ஜெயிலுக்குப் போவாள். சோரின் பிழைத்து வந்தால் அவனுக்கும் கேஸ், லைசென்ஸ் போகும். என்ன செய்ய?

அக்டோபர் 20

நாஷா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று பேசினோம். கொஞ்ச நாளில் பாதி ஆளாகிவிட்டாள். எதற்காகச் செய்தீர்கள் என்று கேட்டேன், கேட்ட குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அழுதான், லிவி. உங்க ரெண்டு பேருக்கும் நான் எதையாவது முடியாதுன்னு சொல்லியிருக்கேனா? சொல்ல வரல எனக்கு. ரெண்டாவது தடவையாவது ஏமாத்திக் குத்திடலாம்னு நெனச்சேன். அவன் குழாயையே பாத்துக்கிட்டு இருந்தான்."

கட்டிப்பிடிக்கத் தோன்றியது. அறையவும் தோன்றியது. அந்தப் படத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தாளாம். இப்போதைக்கு ஒன்றும் பேசாதே, அவன் முதலில் வீட்டுக்கு வரட்டும் என்றாள். ரிட்டையர் ஆகக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது என்பதையும் சொன்னாள். அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அக்டோபர் 22, வெள்ளி

மிரெலா டை அடிக்க வந்தாள். மளமளவென்று அடித்தேன், சீக்கிரம் போகட்டும் என்று. தலை முழுக்கப் பூசி முடித்ததும் சொல்கிறாள், அவள் அம்மா சவேட்டா நாளைக்கு ஊசிக்குப் பேர் கொடுத்திருந்தாளாம். சோரின் படத்தைக் காட்டி, அழைத்துப்போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். "உன் புருஷன் கஷ்டத்துல ஒரு நல்லது நடந்துச்சு, பாரு. எங்கம்மா பொழச்சா."

சவேட்டாவுக்கு இருதயம் சரியில்லை. மாடிப்படி ஏறினாலே நிற்கவேண்டும்.

சீப்பைக் கீழே வைத்தேன். அவன் ஊசி போடவே இல்லை, கார்டு பொய், ஒன்றுமே போடாததால்தான் இப்படிக் கிடக்கிறான், அம்மாவை நாளைக்குக் கூட்டிப்போ என்று சொல்லிவிட்டேன். யார் கொடுத்தது என்று மட்டும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவளை முதல் தடவையாக எதிர்த்துப் பேசினேன். பூமி பிளந்துவிடும் என்று நினைத்தேன்.

மிரெலா கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பரிதாபமாக, "எவ்வளவு குடுத்தாங்க உனக்கு, இப்படிச் சொல்லச் சொல்லி?" என்றாள்.

டை வழிந்த அவள் நெற்றியைத் துடைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் என்னை மிரட்டியிருக்கவேண்டும் என்று அவளே முடிவு கட்டினாள். ஊசி போட்டவர்கள் விழுந்தால் இப்படித்தான் போடாதவர் என்று மாற்றிச் சொல்ல வைக்கிறார்களாம், அதற்கும் அவளிடம் ஒரு வீடியோ இருக்கிறது. துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, டையோடு தெருவில் இறங்கிப் போய்விட்டாள். கடைத்தெருவே பார்த்தது.

உண்மையைச் சொன்னால் போதும் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். நம்பவேண்டுமே. அதற்கு நான் போதாது. நான் எப்போதும் தலையாட்டுகிறவள்.

அக்டோபர் 23, சனி

ஜன்னலுக்கு வெளியே நின்று ஃபோனில் பேசினேன். அவனால் பேசமுடியாது, கேட்டுக்கொண்டு எழுதி அனுப்புவான். எல்லாம் சொன்னேன், அவன் படம், மிரெலா, சவேட்டா. 'வாயை மூடிட்டு இரு. கேஸ் ஆயிடும்' என்று எழுதினான். நேலு எழுதியதைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்க்கவில்லை போலிருக்கிறது. அனுப்பிவைத்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படித்துக்கொண்டே இருந்தான். ஒரு வரியைப் படிக்க அவ்வளவு நேரமா? ஃபோனை மார்பில் கவிழ்த்து வைத்துக்கொண்டான். அழுதான். அவன் அழுது நான் பார்த்ததில்லை, நாஷாதான் பார்த்திருக்கிறாள்.

பிறகு முகமூடியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஃபோனை வாயருகே வைத்தான். நர்ஸ் ஓடிவந்து திட்டி முகமூடியை இறக்கிவிட்டாள். அவள் அந்தப் பக்கம் போனதும் மறுபடி தூக்கினான். இப்படியே விட்டு விட்டுப் பேசினான். என்ன பேசுகிறான் என்று வெளியே கேட்கவில்லை. அவன் உதடு நீலமாவது மட்டும் தெரிந்தது. போதும் போதும் என்று கண்ணாடியைத் தட்டினேன். விரலைக் காட்டி, இரு என்றான்.

டிரைவர்கள் குரூப்புக்கு அனுப்பினான், எனக்கும். என் ஃபோனில் வந்து கிடக்கிறது. திறக்கவில்லை. இன்னொருவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன், கார்டு பொய் என்று சொல்லியிருக்கிறானாம். நாஷா பேரைச் சொல்லவில்லையாம்.

அக்டோபர் 24

மத்தியானம் அவனைத் தூங்கவைத்துத் தொண்டையில் மூச்சுக் குழாய் போட்டுவிட்டார்கள். நேற்றுப் பேசியதால் இல்லை என்று டாக்டர் லுங்கு சொன்னாள். நிஜமாகவா, அல்லது எனக்காகச் சொன்னாளா? கேட்கவில்லை.

அக்டோபர் 25

நாஷா தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டாளாம். யாரும் கூப்பிடவில்லை. சோரினைத் தவிர இன்னும் சிலர் பேரையும் எழுதிக் கொடுத்தாளாம். பொய்ப் பதிவை அழித்தால்தான் அவர்களுக்கு நிஜ ஊசி போடமுடியுமாம், அதனால். எழுதப்பட்டவர்கள் அவள் வீட்டு ஜன்னலில் முட்டை எறிந்திருக்கிறார்கள்.

அக்டோபர் 29, வெள்ளி

காலையில் டாக்டர் லுங்கு ஃபோனில் கூப்பிட்டாள். வேறு யாரையும் விட்டுச் சொல்லாமல் அவளே கூப்பிட்டாள்.

அக்டோபர் 31

சவப்பெட்டியைத் திறக்க விடவில்லை. பிளாஸ்டிக்கில் சுற்றியிருக்கிறார்கள். கோட்டும் சட்டையும் கொண்டுபோனேன், போடமுடியாது என்று மேலே மடித்து வைத்தார்கள். டேய் சோரின், உன் நல்ல சட்டைடா. இஸ்திரி போட்டிருந்தேன்.

நேலு தூரத்தில் நின்றான். கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். முந்தின நாள் ஊசி போட்டுக்கொண்டானாம், வலிக்கிறதாம். அதைச் சொல்லிவிட்டு விக்கி விக்கி அழுதான். நாஷா கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே தனியாக நின்றிருந்தாள். யாரும் அவளிடம் பேசவில்லை. உள்ளே வாங்க என்றேன். வந்தாள். மன்னித்துவிட்டேனா? தெரியாது. அவளை வெளியே நிற்கவிட முடியவில்லை, அவ்வளவுதான்.

நவம்பர் 16

மறுபடி பார்லர். பழைய ஆட்களில் பாதிப் பேர் வருவதில்லை. நாஷாவைக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று சிலர். செத்தவனைக் காசுக்கு விற்றவள் என்று சிலர். அது சோரின் குரலே இல்லை, கம்ப்யூட்டரில் செய்தது என்று மிரெலா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். அவன் இழுப்பைக் கூடவா கம்ப்யூட்டரில் செய்வார்கள்?

இப்போதெல்லாம் நான் தலையாட்டுவதில்லை. எவளாவது ஆரம்பித்தால், தப்பு என்று சொல்லிவிட்டுச் சீவுகிறேன். சிலர் எழுந்து போகிறார்கள். சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மத்தியானம் சவேட்டா அம்மா மூச்சு வாங்க வந்தார். மகளுக்குத் தெரியாமல் பஸ் ஏறிப் பக்கத்து ஊரில் போட்டுக்கொண்டாராம். "மிரெலாகிட்ட மூச்சு விடாதே. அவ பாசத்துலதான் பைத்தியமாத் திரியறா" என்றார். முடி வெட்ட ஒன்றும் இல்லை, சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 14, செவ்வாய்

பஸ் நிலையத்திலிருந்து ஒருத்தி வந்தாள், வெளியூர், மங்கலியாவோ எங்கேயோ. அக்கா மகள் கல்யாணமாம், கொண்டை போட வேண்டும் என்றாள். வாய் ஓயாத பெண். கேட்காமலேயே கார்டை எடுத்துக் காட்டினாள். போன வாரம்தான் போட்டுக்கொண்டாளாம். அதுவரை செத்தாலும் மாட்டேன் என்று இருந்தவளாம்.

என்ன மனசு மாறியது என்று கேட்டேன்.

"யாரோ ஒரு டிரைவர்ங்க. எல்லா ஊர்லயும் சுத்திக்கிட்டு இருக்கே, நீங்க கேக்கலயா?" என்று ஃபோனில் தேடி எடுத்துப் போட்டாள்.

"நான் சோரின்... அந்த போட்டோல இருக்கறவன். அந்தக் கார்டு பொய். எனக்கு ஊசி போடல... நான்தான் கெஞ்சி வேண்டாம்னேன். மருந்த வாஷ்பேசின்ல... விட்டாச்சு. நான் நின்னு பாத்தேன். யார் மேலயும் தப்பு இல்ல, என் மேலதான்... நேலு, என்னப் பாத்து நிக்காதடா. போய்ப் போட்டுக்க... லிவி ஜன்னல்ல தட்டுறா. அவ சொன்னப்பவே கேட்டிருக்கணும்... அவ்வளவுதான்."

என் ஃபோனில் இன்னும் திறக்காமல் கிடக்கிற அதே செய்தி. கொண்டை ஊசி ஒன்றை வாயில் கவ்வியபடி நின்றிருந்தேன். அவள் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்தவரா, பிழைத்துவிட்டாரா என்று கேட்டாள். அவளுக்கு என் பேர் தெரியாது.

ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அந்தக் குரலை இன்னொரு தடவை போடச் சொன்னேன். போட்டாள்.